இயல்பிருப்பு

நுழையும்முன்

கணினியில் ஒரு பாட்டைச் சொடுக்கியதும் அது எந்தச் செயலியில் ஒலிக்க வேண்டும் என்பதை யாரோ ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார். பெரும்பாலோர் அம்முடிவை மாற்றுவதில்லை. அது ஒரு முடிவு என்பதையே அறிவதுமில்லை. உபுண்டு என்னும் கட்டற்ற இயங்குதளத்தில் 2011ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சிறு மாற்றம், புதுச்சேரியில் ஓர் இல்லத்தில் எழுப்பிய வினாவை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

புதுச்சேரி நகரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி. மேற்குப் பகுதியின் தெருவொன்றில், திண்ணையும் மரத்தூண்களும் உள்ள பழைய வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்ந்து வந்தார். பாட்டுக் கேட்பதில் அவருக்குப் பெருவிருப்பம். நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த ஒலிநாடாக்கள் அறுபதுக்கும் மேல் இருந்தன. நாடாக்கள் நைந்துபோகத் தொடங்கியபோது, பொறியியல் கல்லூரியில் பயிலும் பேரன், ஒலிப்பதிவுக் கருவியைக் கணினியோடு இணைத்து ஒவ்வொரு பாட்டையும் கோப்பாக மாற்றிக் கொடுத்தான். அந்தக் கணினியில் உபுண்டுவை நிறுவிக் கொடுத்தவனும் அவனே.

உபுண்டுவில் அப்போது ரிதம்பாக்ஸ் என்னும் இசைச்செயலி இருந்தது. தாத்தா அதனைப் பழகிக்கொண்டார். பாட்டுகளைப் பதினொரு பட்டியல்களாகப் பிரித்தார். ‘விடியல்’ என்று ஒன்று, ‘மழைநாள்’ என்று ஒன்று, ‘அம்மாவுக்கு’ என்று ஒன்று. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வர வேண்டும் என்பதைப் பலமுறை கேட்டு, மாற்றி, மீண்டும் கேட்டு ஒழுங்குபடுத்தினார். ஆசிரியராக இருந்த பழக்கத்தால் அப்பட்டியல்களை ஒரு குறிப்பேட்டிலும் மையால் எழுதி வைத்தார்.

2011ஆம் ஆண்டு மே மாதம். விடுமுறைக்கு வந்த பேரன், ஏப்ரல் 28ஆம் நாள் வெளியாகியிருந்த உபுண்டு 11.04 பதிப்பைக் கணினியில் புதிதாக நிறுவினான். பாட்டுக் கோப்புகளை முன்னரே படியெடுத்து வைத்திருந்ததால் அவை பத்திரமாக இருந்தன. ஆனால், பட்டியல்கள் பாட்டுக் கோப்புகளோடு இருப்பவை அல்ல. செயலி தனக்கென வைத்துக்கொள்ளும் மறைந்த கோப்புறை ஒன்றில் இருப்பவை. அதனைப் படியெடுக்க அவன் மறந்துவிட்டான். மறுநாள் விடியற்காலையில் தாத்தா கணினியைத் திறந்தார். ஒரு பாட்டைச் சொடுக்கினார். முன்பின் கண்டிராத ஒரு சாளரம் விரிந்தது. அதில் பாட்டு ஒலித்தது, ‘விடியல்’ இல்லை.

“தம்பி, பாட்டுப்பெட்டியை ஏன் மாற்றினாய்?”

“நான் மாற்றவில்லை, தாத்தா. இது பான்ஷீ என்னும் செயலி. புதிய பதிப்பில் இதுதான் இயல்பிருப்பு. ஆனால், உங்கள் பட்டியல்கள் போனது என் தவறு. பழைய கோப்புறையைப் படியெடுக்காமல் விட்டுவிட்டேன்.”

தாத்தா தவறைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. குறிப்பேடு இருந்தது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். அவருடைய கவனம் ஒரு சொல்லின்மீது நின்றது.

“இயல்பிருப்பு என்கிறாயே, அது யாருடைய இயல்பு? ஆற்றுநீர் பள்ளம் நோக்கி ஓடுவது இயல்பு. இதனை ஒருவர் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார். வைத்தவர் இருக்கும்போது அதற்கு ‘வைப்பு’ என்பதல்லவா பொருத்தமான பெயர்?”

பேரன் சிரித்தான். ஆயினும் அவ்வினாவுக்கு அவனிடம் விடை இருந்தது. விண்டோசு போன்ற தளமாக இருந்திருந்தால், ‘நிறுவனம் மாற்றியது’ என்ற இரு சொற்களோடு விடை முடிந்திருக்கும். உபுண்டுவில் யார், எங்கே, என்ன காரணத்தால் மாற்றினார்கள் என்பதைத் தேடி அறிய முடியும். ஏனெனில், அங்கு இத்தகைய முடிவுகள் பலரறியப் பேசப்படுகின்றன.

ஒரு லினக்ஸ் வழங்கல் என்பது தனியொருவர் படைப்பன்று. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் கருவகம், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகள், 1997இல் தொடங்கப்பட்ட குனோம் மேசைத்தளம், இன்னும் ஆயிரக்கணக்கான செயலிகள் ஆகியவற்றைத் தொகுத்து ஒன்றோடொன்று இசைந்து இயங்குமாறு செய்து தருவதே வழங்கல் எனப்படும். உபுண்டு அவ்வகை வழங்கல்களுள் ஒன்று. மார்க் ஷட்டில்வொர்த் நிறுவிய கேனோனிக்கல் நிறுவனத்தின் ஆதரவுடன் 2004ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் முதல் பதிப்பு வெளியானது. ஆறு திங்களுக்கு ஒரு பதிப்பு என்பது அதன் ஒழுங்கு.

அந்நாளில் உபுண்டு முழுவதும் 700 மெகாபைட் கொள்ளளவு உடைய ஒரே குறுவட்டில் அடங்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு இருந்தது. எனவே, ஒரு வேலைக்கு ஒரு செயலிக்கே இடம். படங்களைத் திருத்தப் பயன்படும் கிம்ப் என்னும் புகழ்பெற்ற செயலியே 10.04 பதிப்பில் இடமிழந்தது. இசைக்கும் ஒன்றே. அந்த ஒற்றை இடத்தைப் பெறும் செயலியை இலட்சக்கணக்கானோர் வேறு எதையும் நாடாமல் பயன்படுத்துவர். இடம் பெறாதது எவ்வளவு சிறந்ததாயினும் தேடி வருவோர்க்கு மட்டுமே கிட்டும். இயல்பிருப்பின் வலிமை இதுவே. அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பெரும்பாலோர் மாற்ற மாட்டார்கள் என்பதே அதன் ஆற்றல்.

“2010ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் உபுண்டு உருவாக்குநர்கள் கூடினார்கள், தாத்தா. அடுத்த பதிப்பில் ரிதம்பாக்சுக்கு மாற்றாகப் பான்ஷீயை வைக்கலாம் என்னும் முடிவு அப்போது உருவானது. பான்ஷீ விரைவாக வளர்ந்து வந்தது. புதிய வசதிகள் பல இருந்தன.”

“எதிர்த்தவர்கள் இல்லையா?”

எதிர்த்தவர்கள் இருந்தார்கள். பான்ஷீ, சி-ஷார்ப் என்னும் மொழியில் எழுதப்பட்டு, மோனோ என்னும் அடித்தளத்தின்மீது இயங்குவது. மோனோ, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் டாட்நெட் தொழில்நுட்பத்தைக் கட்டற்ற முறையில் மீண்டும் உருவாக்கிய முயற்சி. மைக்ரோசாப்டின் காப்புரிமைகளால் பிற்காலத்தில் இடர் நேரலாம் எனப் பலர் அஞ்சினர். கட்டற்ற மென்பொருள்கள் சி-ஷார்ப் மொழியைச் சார்ந்து வளர்வது தீங்கு பயக்கலாம் என்று 2009ஆம் ஆண்டிலேயே ஸ்டால்மன் எச்சரித்திருந்தார். மோனோவின் ஆதரவாளர்களோ, நல்ல கருவியை அச்சத்தால் விலக்குவது அறிவுடைமை ஆகாது என்றனர். இரு தரப்பும் எழுதியவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

“பான்ஷீ என்றால் என்ன பொருள்?”

“அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் வரும் ஓலமிடும் பெண் ஆவி.”

“விடியற்காலையில் பாட்டுக் கேட்பதற்கு நல்ல பெயர்தான் வைத்திருக்கிறார்கள்!”

பேரன் அடுத்துச் சொன்ன செய்தி தாத்தாவை அத்தகைய நகைச்சுவைக்கு இடங்கொடாமல் நிமிர்ந்து உட்காரச் செய்தது. பான்ஷீயில் அமேசான் நிறுவனத்தின் பாட்டுக் கடை இணைக்கப்பட்டிருந்தது. ஒருவர் பான்ஷீ வழியாக அங்குப் பாட்டு வாங்கினால், அமேசான் ஒரு சிறு பங்கைப் பரிந்துரைத் தொகையாகத் தரும். பான்ஷீயை உருவாக்கியோர் அத்தொகையில் ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை. முழுவதையும் குனோம் அறக்கட்டளைக்குச் சேரும்படி செய்திருந்தனர். கேனோனிக்கல் நிறுவனத்துக்கோ உபுண்டு ஒன் என்னும் சொந்தப் பாட்டுக் கடை இருந்தது.

2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் கேனோனிக்கல் பான்ஷீ குழுவினரிடம் இரண்டு வழிகளை முன்வைத்தது. அமேசான் கடையைத் தொடக்கத்தில் முடக்கி வைக்கலாம். பயனர் தாமே அதனைத் திறந்து வாங்கினால், வருவாய் முழுவதும் குனோமுக்கு. அல்லது, கடை திறந்தே இருக்கும். வருவாயில் 75 விழுக்காடு கேனோனிக்கலுக்கு, 25 விழுக்காடு குனோமுக்கு. பான்ஷீ குழுவினர் கலந்து பேசி முதல் வழியைத் தேர்ந்தனர். அதன்பின் கேனோனிக்கல் தன் நிலையை மாற்றிக்கொண்டது. கடை திறந்தே இருக்கும் என்றும், 75க்கு 25 என்னும் பங்கீடே நடைமுறைக்கு வரும் என்றும், தன் சொந்தக் கடையின் வருவாயிலும் 25 விழுக்காட்டைக் குனோமுக்குத் தருவதாகவும் அறிவித்தது.

சட்டப்படி அதில் பிழையில்லை. பான்ஷீயின் உரிமம் எவரும் மாற்றியமைக்க இடந்தந்தது. உபுண்டுவை இலட்சக்கணக்கானோரிடம் கொண்டு சேர்க்கும் செலவை ஏற்ற நிறுவனம் வருவாயில் பங்கு கேட்பதும் முறையற்றதன்று. ஆனாலும் கண்டனம் எழுந்தது. இவ்விவகாரத்தைக் கையாண்ட முறையில் தவறுகள் நேர்ந்தன என்று ஷட்டில்வொர்த்தே பின்னர் வெளிப்படையாக எழுதினார்.

தாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கூறினார்:

“கேட்காமலே முடிவு செய்திருந்தால் அது அதிகாரம் என்று விட்டுவிடலாம். எது வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களும் விடை சொல்லியிருக்கிறார்கள். சொன்ன விடையை அல்லவா மாற்றிவிட்டார்கள்? அதுதான் வலித்திருக்கும்.”

வாய்க்காலுக்கு அப்பால் தேவாலய மணி ஒலித்தது. தாத்தா தொடர்ந்தார்.

“எங்கள் வீட்டில் கேட்கவாவது கேட்டார்களா என்பதே எனக்குத் தெரியாது.”

பேரன் அதுவரை அறியாத செய்தி ஒன்று அன்று வெளிவந்தது. புதுச்சேரியின் ஆட்சி 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இந்தியாவின் பொறுப்புக்கு வந்தது. ஆயினும் சட்டப்படியான ஒப்படைப்புக்கான உடன்படிக்கை 1956ஆம் ஆண்டு மே 28ஆம் நாள்தான் கையெழுத்தானது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வுடன்படிக்கையில் குடியுரிமை பற்றிய விதிகள் இருந்தன. இம்மண்ணில் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அந்நாள் முதல் இந்தியக் குடிமக்கள் ஆவர். பிரெஞ்சுக் குடியுரிமையையே தொடர விரும்புவோர் ஆறு திங்களுக்குள் எழுத்து வடிவில் அறிவிக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளுக்குத் தந்தையின் முடிவே முடிவு. எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சுக் குடிமகன். எழுதிக் கொடாதவர் இந்தியக் குடிமகன்.

அப்போது தாத்தாவுக்குப் பதினான்கு வயது. அவருடைய தந்தையார் துணி ஆலையில் நெசவாளர். பெரியப்பா பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோனில் பணியாற்றித் திரும்பியவர். பெரியப்பா கையொப்பமிட்டார். அவர் பிள்ளைகள் பின்னாளில் பிரான்சுக்குச் சென்றனர். பெரியப்பா புதுச்சேரியிலேயே இருந்துவிட்டார். ஒவ்வோர் ஆண்டும் சூலை 14ஆம் நாள், கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தின் முன், பதக்கங்கள் அணிந்த பழைய படைவீரர்களுடன் நிற்பார். தாத்தாவின் தந்தையார் கையொப்பமிடவில்லை. 1963ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் நடுப்பகுதியோடு ஆறு திங்கள் முடிந்தன.

“இது நம் நாடு, நாம் இங்கேயே இருப்போம் என்று எண்ணி அவர் விட்டிருந்தால் அது முடிவு. ஆலையில் இருமுறை வேலை பார்த்தவர், கெடு முடிந்ததையே அறியாமல் இருந்திருந்தால் அது மறதி. இரண்டில் எது என்று நான் கேட்கவில்லை. கேட்கும் வயது வந்தபோது அவர் இல்லை. இந்த மண்ணின் குடிமகனாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, தம்பி. கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். ஆனாலும், இது எங்கள் அப்பா எனக்குத் தேர்ந்து கொடுத்ததா, தானாக வந்து சேர்ந்ததா என்பது இன்றுவரை தெரியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.”

இயல்பிருப்பு தவிர்க்க இயலாதது என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். எழுதிக் கொடாதவர் எந்த நாட்டுக்கும் உரியரல்லர் என்று ஒரு சட்டம் இருக்க முடியாது. புதிதாக வாங்கிய கணினி, ஒவ்வொரு வேலைக்கும் எந்தச் செயலி வேண்டும் என்று நூறு வினாக்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் எவரும் அதனைப் பயன்படுத்த மாட்டார். யாரேனும் ஒருவர் ஒன்றை வைத்தே ஆக வேண்டும். ஆகவே, இயல்பிருப்பு இருப்பது குற்றமன்று. அதனை வைத்தவர் யார், என்ன காரணத்தால் வைத்தார், மாற்றும் வழி எது, மாற்றுவதற்கு எவ்வளவு காலம் உண்டு என்பவை மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே வேண்டப்படுவது. அறிவிப்பு எட்டாதவருக்கு விருப்ப உரிமை ஏட்டில் மட்டுமே உண்டு.

“உங்களுக்கு ஆறு திங்கள் கெடு ஏதும் இல்லை, தாத்தா. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்” என்றான் பேரன்.

உபுண்டுவின் மென்பொருள் மையத்திலிருந்து ரிதம்பாக்சை மீண்டும் நிறுவினான். விலை இல்லை, சில நிமிடங்களே ஆயின. பின்னர் ஒரு பாட்டுக் கோப்பின்மீது வலப்பக்கம் சொடுக்கி, பண்புகளைத் திறந்து, எந்தச் செயலியில் திறக்க வேண்டும் என்னும் பகுதியைக் காட்டினான். அங்கு இரண்டு பெயர்களும் இருந்தன. ஒன்றைத் தேர்ந்தால் போதும். அவன் கை சுட்டியின்மீது இருந்தது.

“நீ செய்யாதே. வழியைத் தெரிந்துகொண்டேன். ஒரு வாரம் இரண்டையும் பழகிப் பார்க்கிறேன்.”

அவ்வாறே செய்தார். குறிப்பேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ‘விடியல்’ பட்டியலைப் பான்ஷீயில் ஒருமுறையும் ரிதம்பாக்சில் ஒருமுறையும் அமைத்தார். பான்ஷீ அழகாக இருப்பதாகவும், அதில் தேடுவது எளிதாக இருப்பதாகவும் ஒப்புக்கொண்டார். கணினி பழையது, தம் கணினியில் ரிதம்பாக்ஸ் விரைவாகத் திறப்பதையும் கண்டார். எட்டாம் நாள், பண்புகளைத் தாமே திறந்து ரிதம்பாக்சைத் தேர்ந்தார். குறிப்பேட்டில் நாளிட்டு ஒரு வரி எழுதினார்: ‘இரண்டையும் பார்த்தேன். இதனைத் தேர்ந்தேன்.’ அடியில் கையொப்பமிட்டார்.

அவ்வாண்டு அக்டோபரில் வந்த 11.10 பதிப்பிலும் பான்ஷீயே இயல்பிருப்பு. நவம்பர்த் தொடக்கத்தில் உபுண்டு உருவாக்குநர்கள் மீண்டும் ஆர்லாண்டோவில் கூடியபோது நிலை மாறியது. மோனோவுக்கும் அதனைச் சார்ந்த செயலிகளுக்கும் குறுவட்டில் தேவைப்பட்ட இடம், ஏ.ஆர்.எம். வகை நுண்செயலிகளில் மோனோவை இயக்குவதில் இருந்த இடர்ப்பாடு, புதிய வரைகலைக் கருவித் தொகுப்புக்குப் பான்ஷீ இன்னும் முழுமையாக மாறாதிருந்தமை ஆகியவை காரணங்களாகப் பேசப்பட்டன. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் வெளியான 12.04 பதிப்பில் ரிதம்பாக்ஸ் மீண்டும் இயல்பிருப்பானது. இரண்டே பதிப்புகளில் பான்ஷீயின் காலம் முடிந்தது. பெரும் பூசலுக்குக் காரணமான அந்த இடத்தை அது ஓராண்டு மட்டுமே வகித்தது.

அடுத்த விடுமுறையில் வந்த பேரன் புதிய பதிப்பை நிறுவினான். இம்முறை மறைந்த கோப்புறையை முதலில் படியெடுத்தான். பணி முடிந்ததும் தாத்தாவை அழைத்தான்.

“இனி நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை, தாத்தா. நீங்கள் தேர்ந்ததையே அவர்களும் வைத்துவிட்டார்கள்.”

தாத்தா ஒரு பாட்டைச் சொடுக்கினார். ரிதம்பாக்ஸ் திறந்தது, ‘விடியல்’ பட்டியலும் அதில் இருந்தது. இருப்பினும், அவர் கோப்பின் பண்புகளைத் திறந்தார். செயலிகளின் பெயர்கள் இருந்த பகுதிக்குச் சென்று, அங்கு முன்பே தேர்வாகியிருந்த பெயரைப் பார்த்தார்.

“அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே, தாத்தா.”

“இருக்கிறது. இருந்தாலும் பார்த்துவிடுகிறேன்” என்றார் அவர். பிறகு சாளரத்தை மூடிவிட்டு, குறிப்பேட்டை எடுத்து அன்றைய நாளை எழுதலானார்.